மூன்றாம் தரத்துக்குப் பிறகு

ஜூன் 11, 2025, புதன்

ஏல உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை இன்று ஒருவழியாகக் கொடுத்துவிட்டேன். பழையது ஜூலை கடைசியோடு முடிகிறது. முதல் கவுன்டரில் இருந்தவர் இரண்டாவதுக்கு அனுப்பினார், இரண்டாவது மூன்றாவதுக்கு. மூன்றாவதில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வந்து, உட்கார்ந்து, பல் குத்தி முடித்து, பிறகு முத்திரை குத்தினார். வருஷா வருஷம் திட்டிக்கொண்டேதான் போகிறேன். முத்திரை விழுந்த சத்தம் கேட்டதும் கோபமெல்லாம் போய்விடுகிறது. மயிலாப்பூரில் சொந்தமாக ஏலக்கூடம் நடத்தும் பெண் நான் ஒருத்திதான் என்ற கர்வம் எனக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

பேருந்தை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பினால், முனையில் என் முகம். கல்யாண மண்டபத்து வாசலில் வைப்பது மாதிரி அவ்வளவு பெரிய பேனர். 'அந்தோனியார் திருவிழா. அரசு உரிமம் பெற்ற ஏலதாரர் செல்வி மர்சலின் நடத்தும் மாபெரும் ஏலம்.' அதற்குக் கீழே மஞ்சள் எழுத்தில் என் உரிம எண். அந்தோனியார் மூலையில், என் காது அளவுக்கு இருக்கிறார்.

என் கூடப் பிறந்த செபஸ்தியான் அண்ணன்தான். இந்த வருஷம் திருவிழாக் கமிட்டித் தலைவர். தன் ஐஸ் கம்பெனி வேலையைப் போட்டுவிட்டு ஏணி மேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா மர்சலின், எப்டி கீது? டிசைனு நானே கூட உக்காந்து சொன்னேன்."

"நம்பர் எதுக்குண்ணா போட்டே?"

"அப்பதான் ஒரு மரியாத. சும்மா கூவுற ஆளு இல்ல, கவர்மென்ட்டே ஒத்துக்கின ஆளுன்னு ஜனங்களுக்குத் தெரிய வாணாமா?"

கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படத்தில் நான் நன்றாக விழுந்திருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஏலம் முடிந்தது. குரல் கீச்சென்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தெரு வழக்கம் இது. நேர்ச்சையாக வந்த தேங்காய், கோழி, பூசணி எல்லாவற்றையும் பூசைக்குப் பிறகு ஏலம் விடுவோம். எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு 'கோவிலுக்கே' என்று சொல்லிப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது மறுபடி மேசைக்கு வரும், மறுபடி ஏலம். ஒரே பூசணிக்காய் பொழுது சாயும்வரை சுற்றும். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பிறந்ததில் இருந்து பார்ப்பதுதானே.

இன்று பலாப்பழம். பண்ருட்டிக்காரர் ஒருவர் நேர்ந்துகொண்டு அனுப்பியது, ஒரு குழந்தை கனம். முதலில் லூயிஸ் அங்கிள் எடுத்தார், கோவிலுக்கே. பிறகு அண்ணன் எடுத்தது, கோவிலுக்கே. அண்ணன் கேட்டால் கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிடும், நானும் 'ஐஸ் கம்பெனி முதலாளி உருகிட்டார்' என்று ஏற்றிவிட்டேன். அடுத்த சுற்றில் பின்வரிசையிலிருந்து பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். தெருவில் பார்த்த முகமாக இல்லை. யாரையும் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். அண்ணன் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் அண்ணன் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டது. ஒருதரம், ரெண்டு தரம், மூணு தரம்!

அவள் வந்து பணத்தைக் கொடுத்தாள். என் கூடத்தில் சாமான் தூக்கிக் காட்டும் ஷரீஃப் பாய் பழத்தை நீட்ட, இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது நல்ல வேகம். நேரே போய் அவள் கையிலிருந்து பழத்தை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினேன். "கோவிலுக்கே!" ஒரே கைதட்டல். யாரோ சரவெடி வேறு கொளுத்திவிட்டான். அவள் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது, ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்கவில்லை. நான் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டேன்.

கடைசியில் பழத்தை வெட்டிக் கமிட்டியே தின்றது. நானும் தின்றேன். தேன் மாதிரி இருந்தது.

ஜூன் 16, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. உப்பு வெந்நீர். கூடத்துக்கு லீவு.

ஜூன் 27, வெள்ளி

பதிவுத் தபால். புதுப்பித்த உரிமம்தான் வந்துவிட்டது என்று ஆசையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது, புதுப்பிக்க ஏன் மறுக்கக் கூடாது என்று. ஜூலை 16 நேரில் ஆஜராக வேண்டும். கூடவே புகாரின் நகல், புகாரோடு வந்த பேனர் போட்டோவின் நகல். அதிலும் நான் நன்றாகத்தான் சிரிக்கிறேன்.

புகார் சின்னதுதான், எங்கள் தெரு முகவரியிலிருந்து. 'அரசு உரிமம் பெற்றவர் நடத்தும் ஏலம் என்று பேனரில் பார்த்து நம்பிப் போனேன். ஏலத்தில் ஒரு பலாப்பழம் எடுத்தேன். பணம் கொடுத்தேன். ஏலதாரரே அதை என் கையிலிருந்து பிடுங்கி வேறு ஒருவருக்கு விற்றார். ரசீது தரவில்லை. மேகலா.'

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு பலாப்பழத்துக்கா! ஷரீஃப் பாயிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "புடுங்கி-ன்னா எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பிடுங்கினேனா? எடுத்தேன். எடுப்பது வேறு, பிடுங்குவது வேறு இல்லையா?

ஜூன் 28, சனி

உரிமத்தின் பின்பக்கத்து நிபந்தனைகளை இத்தனை வருஷத்தில் இன்றுதான் வரி விடாமல் படிக்கிறேன். குறிப்பிட்ட கூடத்தைத் தவிர வேறு இடத்தில் ஏலம் விட்டால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். தெருவில் விட்டேன், தெரிவிக்கவில்லை. விற்பனை விதிகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். எங்கே வைத்தேன்? கட்டியது என் மூஞ்சியைத்தான். ஏலதாரரின் உறவினர் ஏலம் கேட்கக் கூடாது. என் கூடப் பிறந்த அண்ணனே கேட்டது, போதாததற்கு நானே ஏற்றிவிட்டேன். ரசீது கிடையாது. இதெல்லாம்கூடக் கோவில் விஷயம் என்று பேசித் தீர்த்துவிடலாம். கடைசி நிபந்தனையில்தான் மாட்டிக்கொண்டேன். மூன்றாம் தரம் சொல்லி முடித்த பொருள் எடுத்தவருடையது, அதை ஒப்படைப்பது ஏலதாரரின் பொறுப்பு.

போன மாசம்தான் ஒருவர் என் கூடத்தில் தேக்கு பீரோவை விற்றுவிட்டு, விலை போதவில்லை, திரும்பக் கொடு என்று சண்டைக்கு வந்தார். 'மூணு தரம் சொன்னப்புறம் கடவுளே வந்து கேட்டாலும் கிடையாது' என்று அவரை வெளியே அனுப்பினேன். எவ்வளவு வாய் எனக்கு.

உரிமம் போனால் என்ன இருக்கிறது? கூடம் போகும். தி. நகர் தணிகாசலத்தின் அடகுக்கடை நகை ஏலம் போகும், அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆள்தான் வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் வேறு என்ன வேலைக்குப் போவேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டத்துக்கு நடுவில் நின்று சத்தம் போடுவதுதான்.

ஜூலை 1, செவ்வாய்

அண்ணனிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்து முடிக்கவில்லை, காது சிவந்துவிட்டது.

"எவ அவ? பழம் வோணும்னா மார்க்கெட்டுக்குப் போவ வேண்டியதுதானே? கோவில் ஏலத்துல வந்து பழம் வாங்கிக்கினு போவாங்களா?"

"அதுக்கு வழக்கம் தெரியலண்ணா. புதுசா குடி வந்திருக்கு."

"தெரியாட்டி கேக்கணும்."

நாம் சொல்லியிருக்க வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. பேனரைக் கட்டியது யார் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று பெரிய சண்டையாகியிருக்கும்.

ஜூலை 4, வெள்ளி

லூயிஸ் அங்கிள் வீட்டுக்கு வந்தார். உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலேயே இருந்து ரிட்டயர் ஆனவர், சட்டம் தெரிந்தவர். காபியை ஆற்றிக்கொண்டே வழி சொன்னார்.

"ஏலம்னே நீ ஒத்துக்காதே. இது காணிக்கை. ஏலம் மாதிரி ஒரு வேடிக்கை, அவ்ளோதான். தெரிஞ்சுதான் எல்லாரும் குடுக்குறாங்க, திருப்பி விடுறாங்க. அந்தப் பொண்ணும் விருப்பப்பட்டுத்தான் கோவிலுக்கு விட்டுச்சு. தெரு ஜனங்க கையெழுத்து போட்டு ஒரு மனு, அடியில உன் கையெழுத்து. ஏலமே இல்லன்னா லைசென்சுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

கேட்டதும் நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. நிஜமாகவே எளிய வழிதான். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் அந்த நடு வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. விருப்பப்பட்டு விட்டாளா? அவள் அணைத்துப் பிடித்திருந்தாள். இழுத்துத்தான் எடுத்தேன், பழத்து முள் என் உள்ளங்கையில் குத்தியது இப்போதும் நினைவிருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

மேகலாவைப் பார்க்கப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

தெருக்கோடியில் புதிதாக வந்த அடுக்குமாடி, மூன்றாவது மாடி. முப்பது வயது இருக்கும். கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே வாங்க என்று சொல்லாமல் நின்றாள். பழத்துக்குக் கொடுத்த பணத்தை உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன்.

"இத வாங்கிக்கோம்மா. எங்க தெருவுல அது ஒரு வழக்கம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதான் நான்..."

"எல்லாரும்னா யாரு மேடம்? நானும் இந்தத் தெருவுலதான் வாடகை குடுக்குறேன்."

உறையை இன்னும் நீட்டிக்கொண்டே நின்றேன்.

"பழம் பெரிசில்ல," என்றாள். "எனக்குக் கூட்டம்னாலே பயம். அன்னிக்கு நாலு பேர் நடுவுல நின்னு கேட்டேன், ஜெயிச்சேன். கிருஷ்ணகிரியில எங்கம்மாவுக்கு அங்கயே வீடியோ கால் போட்டு, இப்ப பழத்தோட நிக்கப்போறேன் பாருன்னு சொல்லி, பக்கத்துல நின்ன பையன் கையில போனைக் குடுத்துட்டுத்தான் மேசைக்கு வந்தேன். அவங்க பாத்துட்டிருக்கும்போதுதான் நீங்க புடுங்குனீங்க. எல்லாரும் கைதட்டுறாங்க. என்னன்னே புரியல. அழுதுட்டே வந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் உறையைப் பார்த்துவிட்டு, "வாங்கிக்கிறேன். ஆனா எதுக்குன்னு ஒரு ரசீது எழுதிக் குடுங்க" என்றாள்.

ரசீது எழுதினால் விற்றேன் என்று ஆகிவிடும். ஏலம் என்று ஆகிவிடும். பேனா பையில்தான் இருந்தது. நின்றேன், நின்றேன், உறையை மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் நான் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

ஜூலை 12, சனி

காலையில் தணிகாசலம் போன். ஆகஸ்ட் 9 நகை ஏலம். பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும், விளம்பரத்தில் ஏலதாரர் பெயர் வர வேண்டும். "உங்களப் பத்தி என்னமோ கேள்விப்பட்டேன். பதினாறாம் தேதி சாயங்காலம் எனக்குச் சொல்லிடுங்க. இல்லன்னா தப்பா நெனச்சுக்காதீங்க, நான் வேற ஆளைப் பாத்துக்குறேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மாலையில் அண்ணன் மனுவோடு வந்தது. தெருவே கையெழுத்துப் போட்டிருக்கிறது. துபாயில் இருக்கிற ஆஸ்வின்கூடப் போட்டிருக்கிறான், எப்படி என்று கேட்கவில்லை. 'மேற்படி மேகலா என்பவர் தாமே மனமுவந்து பழத்தைக் கோவிலுக்குத் திருப்பி அளித்ததை நாங்கள் நேரில் கண்டோம்.' அடியில் எனக்காக இடம் விட்டிருந்தது.

"போடு."

"வச்சிட்டுப் போண்ணா. படிக்கிறேன்."

"படிக்கிறதுக்கு இன்னா கீது? உன் பொழப்புக்காகத்தான வீடு வீடா ஏறி எறங்கிக்கினு வரேன்!"

"அது தானா குடுக்கலண்ணா. நான் எடுத்தேன்."

அண்ணன் மனுவை மேசையில் வைத்தது. "தா பாரு மர்சலின். நீ அங்க போய் வேற மாதிரி சொன்னீனா, கோவிலு ஊரை ஏமாத்துச்சுன்னு ஆவும். நம்ம அந்தோனியார ஏமாத்துக்காரர் ஆக்கிடுவ. அப்புறம் எம் மூஞ்சில முழிக்காத."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனது. அண்ணன் கெட்டது இல்லை. எனக்குக் கூடம் எடுக்க முன்பணம் கொடுத்தது அதுதான். அதனால்தான் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. கெட்ட ஆள் என்றால் இந்நேரம் நாலு வார்த்தை கேட்டு முடித்திருப்பேன்.

ஜூலை 15, செவ்வாய்

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்ன வாக்கியம். மதியம் லூயிஸ் அங்கிள் வந்து வாங்கிக்கொண்டு போனார். 'நாளைக்கு நீ வாயத் திறக்க வேணாம், நான் பேசிக்கிறேன்' என்றார். கூடத்தை நினைத்துக்கொண்டேன், ஷரீஃப் பாயின் குடும்பத்தை நினைத்துக்கொண்டேன், நியாயமான காரணங்கள் நிறைய இருந்தன. இருந்தும் மேகலாவை ஒரு பொய்க்காரியாக்க என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

அலுவலர் ஒரு பெண். என் வயதுதான் இருப்பார். மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்த ஓரத்தில் மேகலா தனியாக. அதே பச்சைச் சுடிதார். எங்கள் பக்கம் அண்ணனும் கமிட்டி ஆட்களும், நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள்.

லூயிஸ் அங்கிள் நன்றாகப் பேசினார். வழக்கம், பாரம்பரியம், காணிக்கை என்று வரிசையாக வந்தது. அலுவலர் மனுவை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், கடைசியில் என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது ஏலமே இல்லன்னு எழுதியிருக்கு. இவங்க தானா திருப்பிக் குடுத்தாங்கன்னும் எழுதியிருக்கு. சரி, நான் உங்ககிட்ட நேரா கேக்குறேன். மூணு தரம் சொன்னீங்களா?"

"மேடம், அது ஒரு வேடிக்கைக்கு..." என்று அங்கிள் ஆரம்பித்தார்.

"அவங்கள கேட்டேன்."

வேடிக்கைக்குச் சொன்னேன் என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நான் மூன்று தரம் வேடிக்கைக்குச் சொன்னதே இல்லை. ஒரு தேங்காய்க்குக்கூட இல்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை, அதையும் வேடிக்கை என்று நானே சொல்லிவிட்டால் பிறகு எந்த உரிமத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"சொன்னேன் மேடம்."

"யாருக்கு விழுந்துச்சு?"

"இவங்களுக்கு."

மேசைக்கடியில் அங்கிள் என் காலை மிதித்தார்.

"அப்புறம் பழம் யாருது?"

"இவங்களுது. நான் எடுத்திருக்கக் கூடாது. இவங்க குடுக்கல, நான்தான்... நான்தான் புடுங்கினேன். அந்த மனுவுல நான் கையெழுத்து போட்டது தப்பு."

மேகலா முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அலுவலர் எழுதிக்கொண்டே இருந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உத்தரவு தபாலில் வரும்" என்றார்.

வெளியே அண்ணன் பைக்கை எடுத்தது. வரும்போது என்னை ஏற்றி வந்த பைக். "கோவில காட்டிக் குடுத்துட்ட," என்றது. அவ்வளவுதான், கிளம்பிவிட்டது. நான் பேருந்துக்கு நின்றேன். தணிகாசலத்துக்குப் போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

அண்ணன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

ஜூலை 30, புதன்

உத்தரவு வந்துவிட்டது. பிரிக்கப் பயந்து ஷரீஃப் பாயிடம் கொடுத்தேன், அவரும் பயந்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

ரத்து இல்லை. டிசம்பர் 31 வரை நிறுத்தி வைப்பு. அதுவரை ஏலம் விடக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, பெயர்ப்பலகை வெளியே தெரியக் கூடாது. பிறகு விதிகளின்படி புதுப்பித்துத் தரலாம். பணத்தை ரசீதோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். உண்மையை ஒப்புக்கொண்டதால் ரத்து தவிர்க்கப்படுகிறது என்று ஒரு வரி. அந்த வரியை நாலைந்து முறை படித்தேன்.

பெயர்ப்பலகையை ஷரீஃப் பாய் பழைய படுதா போட்டு மூடினார். பார்க்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன். ஐந்து மாசம் வாடகை யார் கொடுப்பது? தெரியவில்லை.

சாயங்காலம் மேகலா வீட்டுக்குப் போய் ரசீது எழுதினேன். 'விற்கப்பட்டு ஒப்படைக்கப்படாத பலாப்பழத்துக்காக.' இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டாள். டீ போட்டாள். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை, மழை வருமா என்று பேசினோம்.

ஆகஸ்ட் 9, சனி

தி. நகரில் இன்று நகை ஏலம். நான் இல்லாமல். ஷரீஃப் பாயை நான்தான் அனுப்பி வைத்தேன், தட்டு தூக்கிக் காட்ட ஒரு பழகின ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். மத்தியானம் போன் பண்ணினார்.

"அந்தாளு ரெண்டாந் தரத்துக்கும் மூணாந் தரத்துக்கும் நடுவுல தண்ணி குடிக்கிறாரும்மா."

சிரித்தேன். போனை வைத்ததும் பொறாமை. நல்ல கூட்டமாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். பூசையில் என் பெஞ்சில் நான் மட்டும். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் முன்வரிசையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக் கைகூப்பினார்கள். அண்ணன் திரும்பவில்லை. நான் அதன் முதுகைப் பார்த்துக் கைகூப்பினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அடையாறிலிருந்து ஒரு போன். ரெஹான் என்று ஒருவர். அம்மா அப்பா இருந்த வீட்டைக் காலி பண்ணுகிறார், சாமான்களை ஏலம் விட வேண்டும். பியானோ, பர்மா தேக்குக் கட்டில், கண்ணாடி விளக்குகள். கேட்கக் கேட்க எனக்கு நாக்கு ஊறியது.

"மன்னிக்கணும் சார். என் லைசென்ஸ் டிசம்பர் வரைக்கும் நிறுத்தி வச்சிருக்காங்க."

"தெரியும்ங்க. மேகலா எங்க ஆபீஸ்ல வேலை செய்றாங்க, அவங்கதான் உங்க நம்பர் குடுத்தாங்க. எதுக்கு நிறுத்தினாங்கன்னும் சொன்னாங்க."

"அப்புறமும் என்னையா கேக்குறீங்க?"

"அதனாலதான் கேக்குறேன். வீடு எங்கயும் போகாது. ஜனவரில வச்சுக்கலாம்."

வைத்துவிட்டு அழுதேன். சத்தமாகவே அழுதேன், காலியான கூடத்தில் எதிரொலித்தது.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று தெருவில் மாதா திருவிழா ஏலம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஸ்பீக்கரில் அண்ணன் குரல் கேட்டதும் கால் தானாக இறங்கிவிட்டது. ஏலம் விடுவதற்குத்தானே எனக்குத் தடை, நிற்பதற்கு இல்லையே.

பேனரில் எண் கிடையாது, முகம் கிடையாது, மாதா மட்டும். அண்ணனுக்கு ஏலம் விடவே வரவில்லை. மைக்கை வாய்க்குள் வைத்துக் கத்தியது, யார் கடைசியாகக் கேட்டார்கள் என்பதை மறந்தது. தேங்காய் போய்த் தேங்காய் வந்தது, பூசணி போய்ப் பூசணி வந்தது. பின்வரிசையில் சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் நின்றிருந்தேன். அடுத்து ஒரு சேவல். நல்ல சிவப்பு.

கையைத் தூக்கினேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அண்ணனும் பார்த்தது. பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி வேறு ஆளைத் தேடியது. லூயிஸ் அங்கிள் ஏற்றிக் கேட்டார். நான் மேலே கேட்டேன். அவர் விட்டுவிட்டார்.

"ஒருதரம்," என்றது அண்ணன். "ரெண்டு தரம்." நீளமான இடைவெளி. "மூணு தரம்."

'கோவிலுக்கே' என்று நான் சொல்ல வேண்டிய இடம். பணத்தை நீட்டிக்கொண்டு மேசை முன்னால் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மைக்கைக் கீழே வைக்க மறந்துவிட்டது, அதனால் எல்லோருக்கும் கேட்டது. இந்த இரண்டு மாசத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"எடுத்துக்கினு போறியா? கோவிலுக்கே வுடுறியா?"

"எடுத்துக்கினுதான் போறேன்."

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. குனிந்து சேவலின் கால்கட்டைச் சரிபார்த்து, மேசையைச் சுற்றி இறங்கி வந்து, தானே என் கையில் கொடுத்தது. "றெக்கைய சேத்துப் புடி, அடிச்சிடப் போவுது," என்றது. பிறகு மேலே ஏறி மைக்கை எடுத்து, "வழக்கம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எடுத்த பொருளு எடுத்தவங்களுது. கோவிலுக்குத் திருப்பிக் குடுக்கறது அவங்கவங்க இஷ்டம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பூசணிக்குப் போனது.

சேவல் இப்போது என் பால்கனியில் இருக்கிறது. விடியும் முன்னாலேயே கூவ ஆரம்பித்துவிட்டது. கீழ்வீட்டுக்காரம்மா மேலே ஏறி வந்து, மரியாதையாக அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றார். ஏலத்தில் எடுத்தது, திருப்பிக் கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.